நாலு சேனலுக்கு மூன்று வழி: குடை, கேபிள், இணையம் கொண்டு வீட்டு டிவியை அமைக்க முழுமையான வழிகாட்டி

போன புரட்டாசியில் மயிலாடுதுறையில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். மாதா மாதம் டிவிக்குக் கட்டும் பணம் ஏறிக்கொண்டே போகிறது, படமோ அடிக்கடி நின்று நின்று வருகிறது என்று குறைப்பட்டுக்கொண்டார். "அத்தை, நீங்கள் எத்தனை சேனல் பார்க்கிறீர்கள்?" என்று கேட்டேன். "இரு, எண்ணிச் சொல்கிறேன்" என்று விரலை மடக்கினார். விடியற்காலையில் பாட்டும் கோயிலும் வரும் ஒன்று, மதியத்துக்கும் இரவுக்கும் தொடர் வரும் ஒன்று, செய்திக்கு ஒன்று, ஊர்த் தேர் வந்தால் ஊர்க் கேபிள் சேனல். நாலு விரலோடு நின்றது. மாமா இருந்த காலத்தில் கிரிக்கெட்டையும் சேர்த்தால் ஐந்து. அவர் பணம் கட்டிக்கொண்டிருந்ததோ இருநூற்றுச் சொச்சம் சேனல்களுக்கு.

அந்த இரண்டு நாளில் அவர் வீட்டில் நான் செய்தவற்றைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். தமிழ்நாட்டில் எந்த ஊருக்கும் இது பொருந்தும்; ஊருக்கு ஊர் மாறும் அளவுகளை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு தாள்

கடைக்குப் போவதற்கு முன், குடைக்கு (மாடியில் வைக்கும் டிஷ்ஷுக்கு) விலை கேட்பதற்கு முன், வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் பார்க்கும் சேனல்களை ஒரு தாளில் எழுதுங்கள். "எப்போதாவது பார்ப்பேன்" என்பதைச் சேர்க்காதீர்கள்; கடந்த ஒரு வாரத்தில் பார்த்தது மட்டும். பிறகு ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அது எந்த வழியில் வீட்டுக்கு வரும் என்று குறிக்க வேண்டும். அதைக் குறிக்கத்தான் மீதிக் கட்டுரை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. டெல்லியிலிருந்து வரும் தூர்தர்ஷன் சேனல் 36,000 கிலோமீட்டர் மேலே போய், திரும்பி வந்து, உங்கள் மாடியில் காசில்லாமல் இறங்கும். இரண்டு தெரு தள்ளி ஒரு கேபிள் அலுவலகத்தின் பின்னறையிலிருந்து ஓடும் ஊர்ச் சேனல் கம்பி இல்லாமல் வராது. பக்கத்துச் சேனலுக்குத்தான் பாடு அதிகம். அதனால் ஒரே வழியில் எல்லாம் வந்துவிடும் என்று யாராவது விற்க வந்தால், உங்கள் தாளை எடுத்து நீட்டுங்கள்.

மாடியில் நிற்கும் பழைய ஆன்டெனா

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அதன் வீச்சு எட்டாத கடலோர மாவட்டங்களில், 1982 பிப்ரவரியில் இலங்கையின் ரூபவாகினி வந்த பிறகு, பல வீடுகள் ஆன்டெனாவைக் கடலைப் பார்த்துத் திருப்பிவைத்திருந்தன. அத்தை வீட்டு மாடியில் துருப்பிடித்து நின்ற கம்பமும் அந்தக் காலத்தது. நாகப்பட்டினம், ராமநாதபுரம் பக்கத்துப் பழைய ஆட்களைக் கேட்டுப் பாருங்கள், சிங்களச் செய்தி வாசிப்பின் இசை இன்னும் நினைவிருக்கும். பின்னாளில் ராமேசுவரத்தில் 323 மீட்டர் உயரத்துக்குத் தூர்தர்ஷன் கோபுரமே எழுந்தது.

அந்தக் காலம் முடிந்துவிட்டது. பழைய அனலாக் தரைவழி ஒளிபரப்பை, எல்லைப்புறம் போன்ற முக்கியமான ஐம்பது இடங்களை விட்டுவிட்டு, நாடு முழுவதும் 2022 மார்ச்சுக்குள், தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி படிப்படியாக நிறுத்தியது. டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பு 2016 பிப்ரவரியில் 16 நகரங்களில் தொடங்கியது. தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் இருந்த ஊர் சென்னை மட்டுமே.

ஆகவே சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் இருப்பவர்கள் ஒரு முயற்சி செய்து பார்க்கலாம். டிவியின் கையேட்டில் டியூனர் பகுதியில் 'டி.வி.பி.-டி2' (டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பை வாங்கும் வகை) என்று இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியாவில் விற்கும் பல மாடல்களில் அது இருக்காது. இல்லையென்றால் அதோடு விட்டுவிடுங்கள். இருந்தால், தெரிந்தவரிடம் ஒரு யு.எச்.எஃப். ஆன்டெனாவை இரவல் வாங்கி, குட்டைக் கம்பிகள் உள்ள முனை கோபுரத்தைப் பார்க்கும்படி, கம்பிகள் தரைக்குக் கிடையாக இருக்கும்படி மாடியில் பிடித்து, டிவியில் ஆன்டெனா என்பதைத் தேர்ந்து தானாகத் தேடவிடுங்கள். வந்தால் சொந்தமாக வாங்கலாம். மற்ற ஊர்க்காரர்கள் இதற்காக ஐம்பது ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம்.

இணையத்தில் உள்ளங்கை அளவுத் தகடு ஒன்றைக் காட்டி, 'ஜன்னலில் ஒட்டினால் 200 சேனல் இலவசம்' என்று விளம்பரம் வருகிறதே, அது அமெரிக்கா போல ஊருக்குப் பத்துக் கோபுரம் உள்ள நாடுகளுக்கான பொருள். கோபுரம் அனுப்பாததை ஆன்டெனா உண்டாக்கித் தராது.

குடை

செலவுக்கும் உழைப்புக்கும் ஏற்ற பலன் தருவது இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகலாம்.

தூர்தர்ஷனின் இலவச செயற்கைக்கோள் சேவை 2004 டிசம்பரில் டி.டி. டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கியது, இப்போது டி.டி. ஃப்ரீ டிஷ். மாதக் கட்டணம் கிடையாது. குடை, அதன் மூக்கில் இருந்து சிக்னலை வாங்கும் எல்.என்.பி., செட்டாப் பாக்ஸ், கேபிள் எல்லாம் சேர்த்து ஒரே ஒரு முறை சுமார் 2,000 ரூபாய். சிக்னல் வருவது ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து. 2015 நவம்பரில் பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏவப்பட்ட அது, கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில், நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே நிற்கிறது.

இதில் என்ன வரும், என்ன வராது என்பதை வாங்கும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். டி.டி. தமிழ் வரும், 2024 ஜனவரி வரை பொதிகை என்று நாம் அறிந்திருந்த அதே சேனல். டி.டி. நியூஸ், டி.டி. ஸ்போர்ட்ஸ், மற்ற மாநில தூர்தர்ஷன்கள், பி.எம். இ-வித்யா கல்விச் சேனல்கள், ஆகாசவாணி வானொலிகள் வரும். தனியார் சேனல்களுக்கு இடம் ஏலத்தில் போகிறது. ஏலம் எடுப்பவர்களில் பெரும்பாலோர் இந்திக்காரர்கள். அதனால் இந்திப் படத்துக்கும் பாட்டுக்கும் பஞ்சமில்லை, தமிழில் தனியார் தொடர்களை எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான். அத்தையின் தாளில் விடியற்காலைச் சேனலும் கிரிக்கெட்டும் இந்த வழிக்கு வந்தன.

கிரிக்கெட் விஷயம் பலருக்குத் தெரியாது. நாட்டுக்கு முக்கியம் என்று அரசு அறிவிக்கும் போட்டிகளின் சிக்னலைத் தனியார் நிறுவனங்கள் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும் என்று 2007ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அப்படிப் பெற்ற சிக்னல் தூர்தர்ஷனின் சொந்தத் தரைவழிக்கும் ஃப்ரீ டிஷ்ஷுக்கும் மட்டுமே, மற்றக் கேபிள், டி.டி.எச். வழியாகப் போகக்கூடாது என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால்தான், ஃப்ரீ டிஷ்ஷில் டி.டி. ஸ்போர்ட்ஸில் பந்து வீசிக்கொண்டிருக்கும்போது, காசு கட்டும் இணைப்பில் அதே சேனலில் வேறு ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது. பெட்டி கெட்டுவிட்டது என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

வாங்கும்போது 60 சென்டிமீட்டர் குடை நமக்குப் போதும். பெட்டி எம்பெக்-4 வகையா என்று கேட்டு வாங்குங்கள். பழைய எம்பெக்-2 பெட்டியில் சேவையின் ஒரு பகுதிச் சேனல்கள்தாம் தெரியும். கேபிள் ஆர்.ஜி.6, உள்ளே செம்புக்கம்பி உள்ளதாக. உங்கள் டிவியிலேயே செயற்கைக்கோள் டியூனர் இருந்தால் பெட்டியே தேவைப்படாமலும் போகலாம். பின்பக்கத்தில் திருகு போட்ட இரண்டு கேபிள் துளைகள் இருந்தால் கையேட்டைப் பாருங்கள். பழைய கட்டண டி.டி.எச். பெட்டி இதற்கு உதவாது. ஆனால் அதன் குடை உங்களுக்குச் சொந்தமானது என்றால் தாராளமாகத் திருப்பி வைத்துப் பயன்படுத்தலாம். சன் டைரக்ட் குடையாக இருந்தால் பெரிதாகத் திருப்பக்கூட வேண்டாம், அதுவும் ஏறத்தாழ இதே பக்கம்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

இடம்

குடை பார்க்க வேண்டிய திசை தென்கிழக்கு. கைபேசியின் திசைகாட்டியில் வடக்கிலிருந்து வலமாக எண்ணினால், சென்னையில் 134 பாகை, மயிலாடுதுறையில் 128, திருச்சியில் 125, கோயம்புத்தூரில் 123, மதுரையில் 122, நாகர்கோவிலில் 116. தெற்கே போகப் போகக் கிழக்கு நோக்கி நகர்கிறது, அவ்வளவுதான். மேல்நோக்கும் கோணம் மாநிலம் முழுக்க 66 முதல் 70 பாகைக்குள். ஏறத்தாழத் தலைக்கு மேலே என்று வைத்துக்கொள்ளுங்கள். திசைகாட்டியைத் தண்ணீர்த் தொட்டியின் இரும்புக் கம்பிகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள், பொய் சொல்லும்.

கோணம் இவ்வளவு செங்குத்தாக இருப்பது நமக்கு ஒரு வசதி. பத்து அடி தள்ளி நிற்கும் பக்கத்து வீட்டுச் சுவர் மறைக்க வேண்டுமானால், அது குடையைவிட இருபத்தாறு அடி உயர்ந்திருக்க வேண்டும். அதனால் கட்டடங்கள் நம்மை அவ்வளவாகத் தொந்தரவு செய்வதில்லை. தொந்தரவு செய்வது தென்னை.

கம்பம்

கம்பம் நேராக நிற்க வேண்டும். எல்லோரும் அவசரப்படுவது இங்கேதான். கம்பம் இரண்டு பாகை சாய்ந்திருந்தால், அதற்கு மேலே செய்யும் ஒவ்வொரு திருத்தமும் இன்னொன்றைக் கெடுக்கும். கொத்தனாரின் ரசமட்டம் ஒன்றை இரண்டு பக்கமும் வைத்துப் பாருங்கள். கைப்பிடிச் சுவரில் வைப்பதைவிடத் தளத்தில் சிமெண்ட் கட்டை போட்டு, நான்கு ஆங்கர் போல்ட்டுகளால் இறுக்குவது நல்லது. கடலோர மாவட்டங்களில் துருப்பிடிக்காத திருகுகளாகக் கேட்டு வாங்குங்கள். மின்கம்பி குடைக்கு அருகே போகும் பக்கத்தை அடியோடு தவிர்த்துவிடுங்கள்.

கேபிள் முனை

கேபிளின் மேல்தோலை உரித்து, வலைக் கம்பியைப் பின்னால் மடக்கி, நடுக்கம்பியை வெளியே விட்டு எஃப் கனெக்டரைத் திருகுங்கள். நடுக்கம்பி கனெக்டரின் விளிம்பைத் தாண்டி மூன்று மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தால் போதும். வலையின் ஒரே ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டால்கூடப் படம் வராது. முடி போன்ற அந்த இழையைத் தேடி நான் ஒரு முறை அரைநாள் போக்கியிருக்கிறேன். இதே கேபிள் வழியாகத்தான் பெட்டி எல்.என்.பி.க்கு மின்சாரமும் அனுப்புகிறது, ஆகவே கனெக்டரை மாட்டும்போதும் கழற்றும்போதும் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். எல்.என்.பி.க்குக் கீழே கேபிளை ஒரு வளையம் தொங்கவிட்டுக் கட்டினால், மழைநீர் கனெக்டருக்குள் போகாமல் வளையத்தின் அடியில் சொட்டிவிடும்.

திருப்புதல்

பழைய ஆன்டெனா காலத்தில் ஒருவர் மாடியில் திருப்ப, இன்னொருவர் கீழேயிருந்து "வந்துவிட்டது, வந்துவிட்டது, ஐயோ போய்விட்டது" என்று கத்துவார். புள்ளி புள்ளியாக இருக்கும் படம் மெல்லத் தெளிவதைப் பார்க்கலாம். டிஜிட்டலில் அந்த வழக்கம் உதவாது. படம் ஒன்று முழுதாக வரும், இல்லையென்றால் வரவே வராது. சிக்னலைப் பிடித்துக்கொள்ளப் பெட்டிக்கு இரண்டு மூன்று நொடி வேண்டும். நீங்கள் தொடர்ந்து திருப்பிக்கொண்டே போனால் சரியான இடத்தைத் தாண்டிப் போய்விட்டிருப்பீர்கள். கை விரல் அகலம் திருப்பி, மூன்று எண்ணி, மறுபடி விரல் அகலம்.

பெட்டியை முடிந்தால் சின்ன டிவி ஒன்றோடு மாடிக்கே கொண்டுபோங்கள். மெனுவில் ஜிசாட்-15 அல்லது டி.டி. ஃப்ரீ டிஷ் என்பதைத் தேர்ந்து, எல்.என்.பி. வகையை யுனிவர்சல் என்று வையுங்கள். குடையின் பின்னால் உள்ள அளவுகோலில் கோணத்தை உங்கள் ஊர் அளவுக்கு வைத்து லேசாக இறுக்குங்கள். இந்தக் குடைகள் சிக்னலைச் சாய்வாக வாங்கும் வகை. கோணம் 68 என்றாலும் குடை அவ்வளவு மல்லாந்து படுத்திருக்காது, பயப்பட வேண்டாம். இப்போது இடவலமாக மெல்லத் திருப்புங்கள்.

திரையில் இரண்டு பட்டைகள் தெரியும்: ஸ்ட்ரெங்த், குவாலிட்டி. முதலாவதை நம்பாதீர்கள், எல்.என்.பி. மாட்டியிருந்தாலே அது உயர்ந்து நிற்கும், குடை குப்பைத்தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாலும். கவனிக்க வேண்டியது குவாலிட்டியைத்தான். அது எழுந்ததும் நின்று, மேலும் கீழும் அரை விரல், பிறகு எல்.என்.பி.யை அதன் பிடிக்குள் இடவலமாகச் சுழற்றி, எங்கே உச்சம் என்று பாருங்கள். எல்.என்.பி. சுழற்றுவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மழைக்காலத்தில் அதன் வித்தியாசம் தெரியும். திருகுகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி இறுக்குங்கள், ஒரே பக்கம் இறுக்கினால் குடை நகர்ந்துவிடும்.

பக்கத்துச் செயற்கைக்கோள்கள் 91.5 பாகையிலும் 95 பாகையிலும் நிற்கின்றன. அவை வேறு நிறுவனங்களுக்குச் சேவை செய்கின்றன. சிக்னலைத் தேடிக் காட்டும் மலிவான ஃபைண்டர் கருவி அவற்றையும் பார்த்து உற்சாகமாகப் பீப் அடிக்கும். தானாகத் தேடவிட்டபின் தூர்தர்ஷன் பெயர்கள் வரிசையாக வந்தால்தான் சரியான இடம். ஃப்ரீ டிஷ்ஷின் ஏல ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதி தொடங்குகிறது. அன்று சில சேனல்கள் மறையும், சில புதிதாக வரும்; அந்த வாரத்தில் மறுபடி ஒரு முறை தேடவிடுங்கள்.

தென்னை மட்டையின் நிழல்

அத்தை வீட்டில் குடையைப் பழைய கம்பத்திலேயே மாட்டினோம். குவாலிட்டி நன்றாக ஏறியது. மாலையில் காற்று எழுந்ததும் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றது. அதே கம்பத்தில் இதற்கு முன் இருந்த கட்டணக் குடையும், கிட்டத்தட்ட இதே திசை பார்த்தது, இப்படித்தான் செய்துகொண்டிருந்ததாம். வந்த மெக்கானிக் இரண்டு முறை எல்.என்.பி.யை மாற்றிக் காசு வாங்கிப் போயிருக்கிறார்.

மறுநாள் செப்டம்பர் கடைசி வாரம். ஆண்டில் இரண்டு முறை, மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாட்கள், காலை பதினொரு மணியையொட்டி, நம் ஊர்களிலிருந்து பார்க்கச் சூரியன் இந்தச் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கும். அந்த நாட்களில் சூரியனின் இரைச்சலில் சிக்னல் மூழ்கிச் சில நிமிடம் படம் போகும், தானாகத் திரும்பும். பலருக்கு அது தொல்லை. எனக்கு அன்று அது அளவுகோல். அந்த நிமிடத்தில் எதன் நிழல் குடைமீது விழுகிறதோ, அதுதான் ஆண்டு முழுதும் சிக்னலை மறைக்கிறது. சூரியனைப் பார்க்கவே தேவையில்லை, பார்க்கவும் கூடாது. குடையைப் பார்த்தால் போதும்.

பதினொன்றடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது மாடிக்குப் போனோம். கொல்லைத் தென்னை ஒன்று வீட்டின்மேல் சாய்ந்திருந்தது. அதன் கடைசி மட்டையின் நிழல், சீப்பின் பற்களைப் போல, குடையின் மேல்விளிம்பில் விழுந்து, காற்று வந்தபோதெல்லாம் நடுவரை இறங்கி ஏறியது. அத்தை கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதற்கா நாலு வருஷம்?" என்றார். மட்டையை வெட்டலாம், ஆறு மாதத்தில் அடுத்தது வரும். கம்பத்தை ஆறடி மேற்கே நகர்த்தினோம். குடை வைக்கப்போகும் இடத்தைப் பற்றிச் சந்தேகம் இருந்தால், அந்தத் தேதிகள் வரை காத்திருக்க முடிந்தவர்கள் காத்திருங்கள்.

கம்பி வழி

தாளில் மிச்சம் இருப்பது கட்டணத் தொடர்ச் சேனலும் ஊர்ச் சேனலும் செய்தியும். ஊர்த் தேரும், பள்ளி ஆண்டு விழாவும், காதணி விழா வாழ்த்தும், கண்ணீர் அஞ்சலியும் மாறி மாறி ஓடும் ஊர்ச் சேனலுக்குக் கேபிள்காரரைத் தவிர வேறு வழியில்லை. ஒரு கேபிள் நிறுவனத்தின் ஊர்ச் சேனல் இன்னொன்றில் வராது என்பதையும் பாருங்கள். தெருவில் இரண்டு பேர் இணைப்புத் தருகிறார்கள் என்றால், உங்கள் கோயில் யாருடைய சேனலில் வருகிறது என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள். சில ஊர்ச் சேனல்கள் திருவிழா நாட்களில் யூடியூபிலும் நேரலை போடுகின்றன. உங்கள் ஊரில் அப்படி இருந்தால் கம்பியையே விட்டுவிடலாம்.

கேபிளோ கட்டண டி.டி.எச்.சோ வைத்துக்கொள்வதென்றால், 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் உள்ள டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதிப்படி, பேக் எடுக்கத்தான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வேண்டிய கட்டணச் சேனல்களை ஒவ்வொன்றாகத் தேர்ந்துகொள்ளலாம். அதற்கு மேல் இணைப்புக்கான அடிப்படைக் கட்டணம் ஒன்று உண்டு. அது முதலில் 130 ரூபாய் என்று உச்சவரம்போடு இருந்தது, 2024 ஜூலையில் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். எல்லாவற்றின்மீதும் 18 சதவீத ஜி.எஸ்.டி. அதனால் "பேக் எவ்வளவு?" என்று கேட்காதீர்கள். "அடிப்படைக் கட்டணம் எவ்வளவு, இந்த இரண்டு சேனல் தனியாக எவ்வளவு?" என்று தாளைக் காட்டிக் கேளுங்கள். அப்படிக் கூட்டிப் பார்த்தால் சில சமயம் பேக்கே மலிவாகவும் வரும், அதையும் மறைக்க வேண்டியதில்லை. அரசு கேபிள் இணைப்பு உள்ள ஊர்களில் அங்கும் விசாரியுங்கள்.

இணையம்

செய்தி பார்க்கத் தனியாகப் பணம் கட்டுவது இப்போது தேவையில்லாத செலவு. புதிய தலைமுறை, தந்தி, பாலிமர், சன் நியூஸ், நியூஸ்7 எல்லாம் யூடியூபில் நாள் முழுதும் நேரலையாக வருகின்றன. ஸ்மார்ட் டிவியில் யூடியூபைத் திறந்து சேனலைப் பின்தொடர்ந்துவிட்டால் ரிமோட்டில் மூன்று அழுத்தில் வந்துவிடும். பிரசார் பாரதி 2024 நவம்பரில் கோவா திரைப்பட விழாவில் தொடங்கிய வேவ்ஸ் செயலியில் தூர்தர்ஷன் சேனல்கள் நேரலையாக உண்டு. குடை வைக்க மாடி இல்லாத அடுக்ககக்காரர்களுக்கு இதுதான் வழி. தனியார் தொடர்கள் ஒவ்வொன்றும் அந்தந்த நிறுவனத்தின் செயலியில் இருக்கின்றன: சன் குழுமம் சன் நெக்ஸ்டில், விஜய் ஜியோஹாட்ஸ்டாரில், ஜீ தமிழ் ஜீ5இல். மூன்றுக்கும் சந்தா கட்டினால் கேபிளில் மிச்சம் பிடித்தது போய்விடும். ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுச் சந்தா எடுக்கும் முன் ஒரு மாதம் பார்த்துவிட்டு, நேரலை அந்தச் சந்தாவில் அடக்கமா, அல்லது ஒளிபரப்பான பகுதிகள் மட்டுமா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

எச்.டி. படத்துக்கு நொடிக்கு 5 மெகாபிட் நிலையாக வர வேண்டும். அந்தக் கணக்கில் ஒரு மணி நேரத்துக்கு 2 ஜி.பி.க்கு மேல் போகும். தினம் 2 ஜி.பி. கிடைக்கும் கைபேசி ஹாட்ஸ்பாட்டில் இரண்டு தொடர் பார்ப்பதற்குள் அன்றைய பங்கு தீர்ந்துவிடும். வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு இல்லாதவர்கள் இந்த வழியைச் செய்திக்கு மட்டும், அதுவும் தரத்தைக் குறைத்து வைத்துக்கொள்வது நல்லது. டிவி நகராத பொருள்தானே, ரூட்டரிலிருந்து ஒரு கம்பி இழுத்துவிட்டால் வைஃபை தொல்லையும் இல்லை. நேரலை என்று பெயரே தவிர, இணையத்தில் படம் குடையைவிட அரை நிமிடம்வரை பின்தங்கி வரும். கிரிக்கெட்டைக் குடையிலேயே பாருங்கள்.

ஒரே டிவியில் எல்லாம்

குடைப் பெட்டி எச்.டி.எம்.ஐ. 1, கேபிள் பெட்டி எச்.டி.எம்.ஐ. 2, இணையம் டிவிக்குள்ளேயே. வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் இதெல்லாம் அமைத்துவிட்டு வந்தால், அன்று இரவே போன் வரும்: "ஒன்றும் வரவில்லை." பெட்டி ஓடிக்கொண்டிருக்கும், டிவி வேறு துளையைப் பார்த்துக்கொண்டிருக்கும். டிவி மெனுவில் அந்த இன்புட்டுகளுக்குப் பெயர் மாற்ற வசதி இருக்கும். 'குடை', 'கேபிள்' என்று வைத்துவிடுங்கள். மூன்று ரிமோட்டுகளின் பின்பக்கமும் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டி எழுதுங்கள். அத்தைக்கு நான் எழுதியது: 'சாமி, கிரிக்கெட்', 'தேர், தொடர்', 'செய்தி'. பெட்டியின் பெயரைவிட அது தரும் பொருளின் பெயர்தான் அவருக்கு நினைவில் நிற்கிறது. வேண்டாத பொத்தான்கள்மீது கறுப்பு நாடா.

படம் நின்றால்

மழை கொட்டும்போது குடைச் சிக்னல் சில நிமிடம் போவது இயல்பு. அந்த அலைவரிசையைக் கனமழை உறிஞ்சிவிடும். தூறலுக்கே போகிறது என்றால்தான் குடை சரியாகத் திரும்பவில்லை, அல்லது கனெக்டரில் தண்ணீர் ஏறியிருக்கிறது. வெயில் நாளில் குறிப்பிட்ட சில சேனல் மட்டும் போனால் மறுபடி தேடவிட்டுப் பாருங்கள். எல்லாமே போய், குவாலிட்டி பூஜ்யம் என்றால், மாடியில் கேபிளை எலியோ அணிலோ கடித்ததா, காக்கை எல்.என்.பி.யில் உட்கார்ந்து அதைச் சாய்த்ததா என்று முதலில் பாருங்கள். கடைக்குப் போவது அதற்குப் பிறகு. இடி இடிக்கும்போது பெட்டியின் பிளக்கையும் குடைக் கேபிளையும் கழற்றிவிடுங்கள், ஆனால் அதற்காக மழையில் மாடி ஏறாதீர்கள். பெட்டிப் பக்கத்து முனையைக் கழற்றினால் போதும். வடகிழக்குப் பருவமழைக்கு முன், ஐப்பசி பிறப்பதற்குள், ஸ்பானரோடு ஒரு முறை மாடிக்குப் போய் எல்லாத் திருகையும் இறுக்கிவிட்டு வாருங்கள்.

அந்த ஐப்பசியில் ஒரு மாலை அத்தையிடமிருந்து போன். நல்ல மழை, படம் போய்விட்டது என்றார். "எதையும் தொடாதீர்கள் அத்தை, கால் மணி நேரம் பாருங்கள்" என்றேன். "நான் ஏன் தொடப்போகிறேன், வாழைக்காயை நறுக்கிக்கொண்டிருக்கிறேன்" என்றார். பஜ்ஜி இரண்டாவது ஈடு எண்ணெயில் போடும்போது படம் திரும்பிவிட்டதாம்.